மீதிச் சில்லறை

படம் நன்றாக இருக்கிறது என்கிறார் டாக்டர்,
முதல் காட்சி பார்த்துவிட்டு வந்தவர் போல.
வெளிச்சப் பெட்டியில் என் இடுப்பு.
வெள்ளை வெளேரென்று ஒரு தண்டு,
அதன் தலையில் உருண்டை,
உருண்டைக்கு ஒரு கிண்ணம்.
நூலளவு நகரவில்லையாம்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
வலி மட்டும் அதில் விழவில்லை.

பதினாலு மாதம் ஆகிறது.

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்கிறது நர்ஸ் பெண்.
இருபத்தாறு வருஷம் தோல்பையில் காசு எண்ணியவனிடம்
கேட்க வேண்டிய கேள்விதான்.
ஆறு என்றால் மாத்திரை மாறும்,
பகலெல்லாம் தலை தொங்கும்.
இரண்டு என்றால் 'அப்ப சரி' என்று சீட்டை மடித்துவிடுவார்கள்.
நாலு என்கிறேன்.
எழுதிக்கொள்கிறது.

ராத்திரி இரண்டரைக்கு அது ஆல்பேட்டையில் ஏறும்.
தொடை இடுக்குக்கு நான் வைத்த பெயர் அது.
ரெட்டிச்சாவடி வரைக்கும் மெதுவாகத்தான் வரும்.
முள்ளோடையில் எல்லை தாண்டும்போது ஒரு உலுக்கு.
கன்னியகோயில், கிருமாம்பாக்கம், எங்கேயும் நிற்காது.
தவளக்குப்பம்தான் முட்டி.
அங்கே வந்து, எஞ்சினை அணைக்காமல்,
விடியும்வரை நின்றுகொண்டிருக்கும்.
அறுத்த இடம் வலித்தால் நியாயம்.
முட்டியை யாரும் தொடவே இல்லையே.

கோமளவல்லி விளக்கைப் போடமாட்டாள்.
இருட்டிலேயே எழுந்து
என் கால்களுக்கு நடுவில் தலையணையைச் சரியாக்குவாள்.
முதல் மூன்று மாதம் 'ரொம்ப வலிக்குதா' என்பாள்.
இப்போது கேட்பதில்லை.
அதில் எனக்கு ஒரு நிம்மதி, ஒரு கோபம்.
எது எத்தனை என்று பத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

சம்மணம் கூடாது. கால்மேல் கால் கூடாது. குனியவே கூடாது.
தெய்வசிகாமணி செத்த வீட்டில்
ஊரே பாயில் உட்கார்ந்திருக்க
எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி.
பத்தொன்பது வருஷம் என் விசிலுக்கு வண்டி எடுத்தவன்
கீழே கிடக்கிறான்,
நான் கலெக்டர் மாதிரி மேலே.
அழுத முகத்தோடு அவன் மகள் வந்து
'இப்ப பரவாயில்லையா மாமா' என்றாள்.
பரவாயில்லை என்றேன்.
அந்த இடத்தில் வேறென்ன சொல்ல.

'மீதி வலி போகப் போகச் சரியாயிடும்.'
சீட்டில் கையெழுத்துப் போட்டபடி டாக்டர் சொன்னது.
'மீதிய இறங்கும்போது வாங்கிக்குங்க.'
டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்து
நான் சொன்னது,
எத்தனை ஆயிரம் பேரிடம்.
மறந்து இறங்கிப் போனவர்கள் உண்டு.
ஞாபகம் இருந்தும் நான் கூப்பிடாதவர்கள் உண்டு.
அந்தக் காசெல்லாம்தான் இது என்று
கோமளவல்லி ஒருநாளும் சொல்லமாட்டாள்.
மூன்று மணிக்கு மேல் நானே சொல்லிக்கொள்வேன்.

கோரிமேட்டிலிருந்து திரும்பும்போது
கடலூர் வண்டியில் கம்பி ஓரத்து சீட்டு.
கண்டக்டர் சின்னப் பையன், மீசை இன்னும் கூடவில்லை.
அவன் கையிலிருந்து ஒரு ரூபாய் நழுவி
உருண்டு வந்தது.
படிக்கட்டுக்கு ஓடிவிடுமே என்று
செருப்பால் அமுக்கிப் பிடித்தேன்.
எடுத்துக் கொடுக்க முடியாது, பிடித்துத்தான் வைக்க முடியும்.
அவன் பார்த்த பார்வை
எனக்குத் தெரிந்த பார்வை.
நானே எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.
'பெரியவரே, கால எடுங்க.'

எடுத்தேன்.
குனிந்தான்.
பையை ஒரு கையால் வயிற்றோடு அணைத்து,
வண்டி அரியாங்குப்பம் பாலத்தில் ஏறி ஆடும்போதே
குனிந்து, பொறுக்கி, நிமிர்ந்து,
அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான்.
மூச்சுக்கூட வாங்கவில்லை.

இன்னொரு காசு விழாதா என்று
கங்கணாங்குப்பம் வரைக்கும்
அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.