இடைவெளிக்கு அபராதம்

புவன விஸ்தாவில் ஆறாம் மாடி.
குளிர்பதனம் பத்து மணிக்கு நின்றுவிடும்;
அதற்குப் பிறகு திரையின் சூடுதான்.

உயிரணுவின் தோலில் நிற்கும் புரதங்கள்.
கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே,
நடுவே கொழுப்புச் சுவர்.
லூசின், வேலின், ஐசோலூசின் என்று
தண்ணீருக்கு அஞ்சும் எழுத்துகள்
இருபதோ இருபத்திரண்டோ சேர்ந்தாற்போல் வந்தால்
அங்கேதான் சுவரைத் துளைக்கிறது.
ஏழு முறை துளைப்பவை ஒரு குடும்பம்.
ஒரே முறை துளைத்து
வெளியே கை நீட்டி நிற்பவை வேறு.
எல்லாம் மாறிப்போன பிறகும்
இரண்டு சிஸ்டீன்கள் மட்டும்
எத்தனையோ கோடி ஆண்டாய் இடம் மாறாமல்
ஒன்றையொன்று பிடித்திருக்கும்.

நானூற்றுப் பதினேழு எதிலும் சேரவில்லை.
"மற்றவையில போட்டுடு" என்றாள் ஷுஹைதா,
பையை மாட்டிக்கொண்டே.
அந்தக் கோப்புறையில் ஏற்கெனவே அறுபத்திரண்டு.
இந்த ஊரில் அந்தச் சொல்
அடையாள அட்டைக்கும் பழக்கம்.
யாரும் குறை சொல்வதில்லை,
விரும்பிக் கேட்டதாகவும் தெரியவில்லை.

ஒப்பிடுவது என்றால்
ஒன்றன்கீழ் ஒன்றை வைத்து நகர்த்துவது.
பொருந்தாத இடத்தில் ஒரு சிறுகோடு.
தொலைத்தது யார், புதிதாய்ச் சேர்த்தது யார்,
கோடு சொல்லாது.
அபராதம் மட்டும் உண்டு:
இடைவெளியைத் திறக்கப் பதினொன்று,
நீட்டிக்க எழுத்துக்கு ஒன்று.

புக்கிட் பாத்தோக் மூவறை வீட்டை விற்ற அன்று
பூங்கோதை போனை வைத்தாள்.
அன்றைக்குப் பதினொன்று.
அப்புறம் தீபாவளிக்கு ஒன்று,
அவள் பிறந்தநாளுக்கு ஒன்று,
செங்காங் வரை ரயிலில் போய்
எதிர்த் தடத்தில் ஏறித் திரும்பியதற்கு ஒன்று.
மலிவு. பழகிவிடுகிறது.

நானூற்றுப் பதினேழுக்கு
எந்தக் குடும்பத்தோடும் பத்தொன்பது விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை இல்லை.
எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டினாலும்
கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.
குலுக்கிப் பார்த்தேன். பதினேழு.

பதினொன்றே காலுக்கு,
கிராஞ்சிச் சேற்றில் பிடித்த குதிரைலாட நண்டின் வரிசைகளை,
வேறு யாரோ வேறெதற்கோ படித்தவற்றை,
ஓடவிட்டேன்.
நண்டின் ஒரு புரதம்
இதற்கு முப்பத்தொன்று,
செல்லோடு செல்லை ஒட்டும் குடும்பத்துக்கு முப்பத்து நான்கு.
இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஜாடை இல்லை;
நடுவில் நிற்கும் நண்டுக்கு
இரண்டின் ஜாடையும் இருக்கிறது.
சிஸ்டீன்கள் அதே இடத்தில்தான்.
நான் ஒரு கோட்டைத் தப்பான இடத்தில் திறந்திருந்தேன்.

குடும்பப் பெயரைக் கேள்விக்குறியோடு எழுதினேன்.
காலையில் ஷுஹைதா அழிக்கச் சொல்லலாம்.

கைப்பேசியில் மூன்று நாளாகத் திறக்காத படம்.
தேக்கோங் தீவில் நிதிலன், பச்சைச் சீருடை, மொட்டைத் தலை.
"சித்தி, எப்படி இருக்கேன்?"
முடி போனதும் காது தெரிகிறது.
நெற்றி அவளுடையது.
காதின் மேல்மடிப்பு,
நான் கண்ணாடியில் மறைத்து வைப்பது.

கடைசி ரயிலுக்கு ஒன்பது நிமிடம்.
பதில் எழுதும் இடத்தில் ஒரு கோடு,
படுத்தபடி அல்ல,
நின்று, மின்னி, மறுபடி நின்று.