சீழ்க்கை

ஐந்து ஐம்பதுக்கு அழைப்பு.
புளோக் 347, ஒன்பதாம் மாடி.
திரு. குவெக்கின் காது
குப்பைக் குழாயில் விழுந்துவிட்டது.

"காதா?" என்றேன்.
"காதுக் கருவி" என்றாள் மகள்.
துடைத்த டிஷ்யூவோடு சுருட்டி
அவரே போட்டிருக்கிறார்.
நாலாயிரம் வெள்ளி.
ஏழு மணிக்கு லாரி வரும் என்பது
அவளுக்கும் தெரிந்திருந்தது.

நகர மன்றத்தின் கையேட்டில்
காதுக்கென்று பக்கம் இல்லை.
சாவிக்கு உண்டு. பல்செட்டுக்கு உண்டு.
உயிருள்ள பூனை என்றால்
வேறொரு எண்ணை அழைக்க வேண்டும்.
நான் பூட்டைத் திறந்தேன்.

இரும்புக் கதவுக்குப் பின்னால்
பதினாறு சமையலறைகளின் நேற்று
ஒரே தொட்டியில் குவிந்திருந்தது.
லிஃப்டில் முகம் பார்த்துக்கொள்ளாத மாடிகள்
இங்கே ஒன்றன்மேல் ஒன்று
சாய்ந்து கிடக்கின்றன.
நீலத் தொட்டிக்குப் போயிருக்க வேண்டிய
அட்டைப்பெட்டிகள் இங்கே.
இங்கே வந்திருக்க வேண்டிய
பாதிக் கோழிச்சோறு அங்கே.
நேற்றுதான் அதற்கொரு நோட்டீஸ் ஒட்டினேன்,
நான்கு மொழிகளில்.
யாரோ அதைக் கிழித்து
மிகச் சரியாக
நீலத் தொட்டியில் போட்டிருந்தார்கள்.

ரொஃபிகுல் கையுறையை மாட்டியபடி
"அக்கா, கொஞ்சம் பேசாதீங்க" என்றான்.
பரிசாலில் பிறந்தவனின் தமிழ்;
தங்கும் விடுதியில், ஆறு பேர் அறையில்,
சோற்றுக்கும் சண்டைக்கும் நடுவே கற்றது.
காற்றாடியை அணைத்தான்.

கேட்டது.
ஊசிமுனை அளவுக்கு ஒரு சீழ்க்கை.
காதை இழந்த கருவி
தன் ஒலியைத் தானே கேட்டு
தானே கூவிக்கொள்ளுமாம்.

அந்த நேரம் பார்த்து
மேலே ஒரு மூடி திறந்தது.
டமடமவென்று தர்பூசணித் தோல்.
பிறகு பாட்டில்கள்.
பிறகு யாருடைய கோபமோ,
இரண்டு முடிச்சுப் போட்ட பையில்.

"போடாதீங்க!"
குழாய்க்குள் தலையை நீட்டிக் கத்தினேன்.
காப்பி கலக்கிக்கொண்டிருந்த
எத்தனை பேருக்குக் கரண்டி நழுவியதோ.
அப்புறம் ஒருவரும் எதையும் போடவில்லை.
எட்டு வருட வேலையில்
அந்தக் குழாய் அப்படி அமைதியாய் இருந்ததை
நான் கண்டதில்லை.

சீழ்க்கை. இடப்பக்கம். அடியில்.

அவன் தோண்டத் தோண்ட
நான் கணக்குப் போட்டேன்:
ஏழு மணிக்கு லாரி,
மதியத்துக்குள் துவாஸ், நெருப்பு,
பிறகு சாம்பல், இரவுப் படகு,
செமாக்காவ்.
அங்கே கடலுக்கே வரப்பு கட்டியிருக்கிறோம்.
ஒரு கட்டத்தில் தண்ணீர்,
அடுத்த கட்டத்தில்
நாம் தின்று முடித்த ஆண்டுகள்.
வரப்பில் நாரை நிற்கும்.
'தூரப் போடு' என்று சுலபமாய்ச் சொல்கிறது தமிழ்.
மேற்கே கிளம்பினால் ஒரு மணி நேரத்தில்
கிழக்கு முடிந்துபோகும் தீவில்
எங்கே இருக்கிறது
அந்தத் தூரம்?

இறால் ஓட்டுக்கும் சாம்பாருக்கும் இடையில்
கிடைத்துவிட்டது.
ஒரு சிப்பி அளவு. இன்னும் கத்திக்கொண்டு.

கழுவப் போனேன்; ரொஃபிகுல் தடுத்தான்.
சட்டையின் உள்பக்கம் சுத்தமாய் இருந்த
ஓரிடத்தைத் தேடித் துடைத்தான்.
கைகளை மட்டும் குழாயடியில் கழுவினோம்.
அதுவும் குழாய்தான்.
அந்தத் தண்ணீரில் ஒரு பங்காவது
முன்பொருநாள் சாக்கடையாய்
சாங்கிவரை மண்ணுக்கடியில் நடந்து,
சவ்வுகளில் சலித்து,
'புதுநீர்' என்று பெயர் மாற்றி
வந்திருக்கும்.
அதனிடம் யாரும் பழைய கதை கேட்பதில்லை.

ஒன்பதாம் மாடி.
திரு. குவெக் வாங்கிக் காதில் பொருத்தினார்.
சீழ்க்கை நின்றது.
"விடியற்காலையில் குழாய்க்குள்ளிருந்து
ஒரு பெண் கத்தினாள், நடுங்கிப் போனேன்"
என்றாள் மகள்.
நான் தரையைப் பார்த்தேன்.
அவர் தலையைச் சாய்த்தார்.
எங்களுக்கு முன்பே அவருக்குக் கேட்டது:
"லாரி வந்துவிட்டது."

ரொஃபிகுல் படியில் இறங்கி ஓடினான்,
சிதறியதை அள்ளிப் போட.

படிவத்தில் ஒரு கட்டம்:
கதவைத் திறந்த காரணம்.
ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதி அடித்தேன்.
பிறகு, மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாத தைரியத்தில்,
ஒரே சொல்:
கேட்டது.