சேத விவரம்

பாரிமுனை, மூன்றாம் மாடி.
கப்பல் சரக்குச் சேதப் படிவத்தில்
ஒரே கட்டம்: உடைவு.

பழைய லெட்ஜரில் எவனோ வெள்ளைக்கார குமாஸ்தா
பீங்கான் பெட்டிக்கு எதிரே ‘ஃபிரஷ்’ என்று எழுதியிருக்கிறான்.
புத்தம்புதுசாக்கும் என்று நினைத்தேன்.
தூள்தூளாம். அகராதியிலும் ஒரு மூலையில்தான் கிடந்தது.
கருங்கல்லுக்கு ‘ஸ்பால்’: செதில் செதிலாய்ப் பெயர்ந்தது.

நமக்கென்ன பஞ்சம்.
கொம்பு ஒடியும், கயிறு அறும்,
சேலை இற்றுப்போகும்,
மழைக்கு ஏரி உடைப்பெடுக்கும்.
சொன்ன சொல் மட்டும்
உடையாது, தவறிவிடும்,
யார் கையிலிருந்து என்று தெரியாமல்.

ஐந்தரைக்கு கிளமெண்ட் பேசினான், ஏதோ துறைமுகத்திலிருந்து.
ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்களாம். கிறிஸ்துமஸுக்கும் இல்லை.
மண்டபம்? முன்பணம்?
நான் கேட்கவில்லை.
ராயபுரம் பஸ் வந்துவிட்டது.

“எப்படி இருக்கே?” என்றான்.
‘ஃபிரஷ்’ என்றேன்.
நிம்மதியாய்ச் சிரித்தான்.