டயருக்குள் ஐந்து வெள்ளி

வேலைக்குப் போகும் சைக்கிள்தான்.
வேறொன்று வாங்க
பூன் லியோங் கடையில் மூன்று முறை விலை கேட்டு
மூன்று முறையும்
பிரேக் கட்டை மட்டும் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை இரவு
மட்கார்டைக் கழற்றினேன், கேரியரைக் கழற்றினேன்.
சாப்பாட்டுப் பை கட்டும் ரப்பர் கயிறு
ஆணியில் சும்மா தொங்கியது.
மழைக்கோட்டு, பூட்டு, தொழிற்சாலை அட்டை
எல்லாம் இறக்கிய பிறகு
முடி வெட்டி வந்த பையனைப் போல
சைக்கிள் கழுத்து மெலிந்து நின்றது.
மணியை மறந்துவிட்டேன்.

மதியம் ஒன்று முதல் இரவு ஒன்பது வரை.
எத்தனை சுற்று முடியுமோ அத்தனை.
பாலிக் பூலாவ் மேட்டில், தோப்புகளுக்கு ஊடே,
சுற்றுக்குப் பதினோரு கிலோமீட்டர்.
அதில் பத்து ஏற்றம் என்று
என் தொடைகள் எங்கும் சாட்சி சொல்லும்.

முதல் இறக்கத்திலேயே
கல்லுக்குக் கல் மணி அடித்தது.
கார்பன் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
“ஐஸ்கிரீம் வண்டி வருதுடா, வழி விடு”
என்றான் ஈப்போவிலிருந்து வந்த ஒருவன்.
வழியும் விட்டான்.

துரியான் பருவம்.
மரத்தடியில் வலை கட்டியிருந்தார்கள்.
தலைக்கவசம் இருக்கும் தைரியத்தில்
நாங்கள் யாரும் மேலே பார்க்கவில்லை.
தோப்புக்காரர் மட்டும் வெறுந்தலையோடு
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
எங்களுக்காகக் கவலைப்பட்டார்.

நான்காம் சுற்றில் மழை.
சங்கிலி செம்மண்ணை மென்று
என் காலில் துப்பியது.

ஐந்தாம் சுற்றில் ஒரு கல்,
பின் டயரின் விலாவைக் கீறிவிட்டது.
கட்டைவிரல் நகம் அளவு கிழிசல்.
டியூபுக்கு ஒட்டு இருக்கிறது,
டயருக்கு என்ன இருக்கிறது?
பையைத் துழாவினேன்:
கூழாகிப்போன டிஷ்யூ,
பாதி கடித்த வாழைப்பழம்,
போட்டி முடிந்து மீ கோரேங் சாப்பிட வைத்த
ஐந்து வெள்ளி.

பிளாஸ்டிக் நோட்டு, நனையாது.
நான்காய் மடித்தேன்.
அதன் முதுகில் இருந்த இருவாட்சி
தன் அலகால் தன்னையே குத்திக்கொண்டது.
டயருக்கும் டியூபுக்கும் நடுவே
அதைப் படுக்க வைத்து
கைப்பம்பால் முந்நூறு வரை எண்ணத் தொடங்கினேன்.
இருநூற்றுப் பத்தில் அழுகை வந்தது.
எண்ணிக்கை தவறிப்போனதால்
மறுபடி இருநூறிலிருந்து.

சர்குணவதி நின்றாள்.
டயாலிசிஸ் தாதி. மூன்று வருடமாக
முதுகை மட்டுமே எனக்குக் காட்டியவள்.
“வேணுமா?”
“வேணாம்.”
போய்விட்டாள்.
பாதியில் கிடப்பவளை
பாவம் பார்க்காமல் விட்டுப்போவது
எல்லோருக்கும் வருவதில்லை.

எட்டு மணிக்குமேல் என் விளக்கு
ஒரு தடவை சிவந்து அணைந்தது.
வளைவில் நின்றிருந்த ஷுக்ரி
மணிச்சத்தம் கேட்டு டார்ச்சைத் திருப்பினார்.
இலக்கத்தைப் பார்க்கவே இல்லை,
அறுபத்தேழு என்று எழுதிக்கொண்டார்.

ஆறு சுற்று.
பெண்களில் கடைசிக்கு முந்தியவள் நான்.
கடைசியாக வந்தவள்
இரண்டாம் சுற்றிலேயே மணிக்கட்டு முறிந்து
ஆம்புலன்ஸில் போனவள்.

மீ கோரேங் கடையில் நின்றபோதுதான்
என் காசு மூன்று வளையம் காற்றுக்குள்
பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது.
சர்குணவதி இரண்டு தட்டு சொன்னாள்.
முட்டை யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

திங்கள், விடிகாலை ஐந்தே முக்கால்.
மட்கார்டு. கேரியர். மழைக்கோட்டு. பூட்டு.
பாயான் லெப்பாஸ் சாலை வழவழவென்று கிடக்கிறது,
தொழிற்சாலைப் பேருந்துகள்
முதுகில் சூடாக மூச்சு விடுகின்றன.
புது டயர் எண்பத்தைந்து வெள்ளி,
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி.
அதுவரை
மடித்த பறவை சுற்றுக்கு ஒரு முறை
தாரைத் தட்டிப் பார்க்கும்.
டொக்.
டொக்.

“என்ன சத்தம்?” என்கிறார்
கேட்டில் நிற்கும் நேப்பாளக் காவலர்.
காசு என்கிறேன்.
சக்கரத்தைப் பார்க்காமல்
அவர் என் முகத்தைப் பார்க்கிறார்.