ஒப்படை இரண்டு

"உங்களுக்குத் தெரிந்த நிறுவனமொன்றின்
கட்டமைப்பை வரைக. இருபது புள்ளி."

எனக்குத் தெரிந்தது
நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காயமும் செத்தல் மிளகாயும்
மொத்தமாய் விற்கிற ஒன்றரைக் கதவுக் கடை.
காலை ஏழிலிருந்து ஒரு மணிவரை அங்கே பில் எழுதுகிறேன்.
பிறகு நூற்றி ஐம்பத்தைந்தில் தொங்கி
தர்ஸ்டன் வீதியில் இறங்கி
முகாமைத்துவம் படிக்கிறேன்,
தலைமுடியில் மிளகாய் நெடியோடு.
பக்கத்துக் கதிரை ஹிருஷி
முதல் வாரம் முழுக்கத் தும்மினாள்.
இப்போது பழகிவிட்டாள்.

விரிவுரை ஆங்கிலத்தில்.
கிசுகிசு சிங்களத்தில்.
என் கொப்பியின் ஓரம் மட்டும் தமிழில்:
கட்டளை ஒருமை, ஒருவனுக்கு ஒரே மேலதிகாரி.
கட்டுப்பாட்டு வீச்சு, ஒருவருக்குக் கீழே ஆறு பேர், மிஞ்சினால் ஏழு.
அதிகாரம் மேலிருந்து வடியும்,
பொறுப்பு கீழிருந்து ஏறும்.
மழை நாளில் எங்கள் கடைக்குள்ளும் அப்படித்தான்:
மேலிருந்து கூரை, கீழிருந்து கான்.

வரையத் தொடங்கினேன்.
மேலே ஒரு பெட்டி, ஹாஜியார்.
அதன் கீழே மிஹ்ளார் நானா, காசுப்பெட்டி.
பெட்டிக்குள் பெட்டி.
அடுத்து நான்.
அடுத்து, தேத்தண்ணிக்கு ஓடும் சப்ராஸ்.
அவனுக்கு நாலு மேலதிகாரிகள்;
கட்டளை ஒருமை அங்கேயே செத்தது.
பூனையை விட்டுவிட்டேன்.

சூசைதாசனை எங்கே வைப்பது?

சம்பளப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.
எங்கள் கடைக்கும் எதிர்க் கடைக்கும்
மூட்டைக்கு இவ்வளவென்று முதுகைக் கொடுப்பவர்.
அகராதியில் நாட்டாமை என்றால் ஊர்த் தலைமை.
புறக்கோட்டையில் நாட்டாமி என்றால் சுமக்கிறவன்.
எந்தக் குறுக்குத் தெருவில் வைத்து
அந்தச் சொல்லின் முதுகில் மூட்டையை ஏற்றினார்களோ.

நல்லவர் என்று சொல்ல வரவில்லை.
சப்ராஸின் பிடரியில் தட்டுவார்.
ஓட்டைச் சாக்கிலிருந்து ஒரு கை மிளகாய்
அவர் சாரத்து மடிக்குப் போவதை
நான் பில்லில் எழுதுவதில்லை.

வெள்ளிக்கிழமை.
ஹாஜியாரும் மிஹ்ளார் நானாவும் ஜும்ஆவுக்குப் போயிருக்க
தம்புள்ளை லொறி வந்து தெருவை அடைத்தது.
நூற்று நாற்பது மூட்டை.
பின்னால் முச்சக்கர வண்டிகளின் ஹோர்ன்.
பொலிஸ்காரர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டி
இருபது நிமிடம் என்றார்.
பெட்டிகளின்படி அந்நேரம்
கடையின் தலைவி நான்.
வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

சூசைதாசன் பீடியை எறிந்தார்.
ஒரு விசில்.
எந்தெந்தக் கடையிலிருந்தோ ஆட்கள்.
எண்ணினேன், பதினொரு பேர்.
போன மாதம் அவர் சட்டையைப் பிடித்த
பியதிஸ்ஸவும் அதில் ஒருவர்.
"பார! பார!"
சிங்களத்தில் அது வழி விடு என்பது.
என் காதில் எப்போதும் பாரம் என்றே விழும்.
பதினெட்டாம் நிமிடம் லொறி நகர்ந்தது.
பத்தொன்பதாம் நிமிடம்
கூலி பிரிப்பதில் திரும்பவும் சண்டை.

தாளின் விளிம்பில்
பெட்டி இல்லாமல் அவர் பெயரை எழுதி
எல்லாப் பெட்டிக்கும் புள்ளிக்கோடு இழுத்தேன்.
வெங்காயத் தோலில் நரம்பு ஓடுவது போலிருந்தது.

திருமதி அமரதுங்க சிவப்பில் கேட்டிருந்தார்:
"பதவி என்ன? யாருக்குக் கீழே?"
பதின்மூன்று புள்ளி.
ஹிருஷி மாமாவின் கப்பல் கம்பனியை வரைந்தாள்.
பதினெட்டு.

கேள்வி நியாயமானதுதான்.
இன்று காலை அவரிடமே கேட்டேன்,
நீங்கள் யாருக்குக் கீழே என்று.
சாக்குக்கு அடியிலிருந்து
முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தது:
"விலகு பிள்ளை."

விலகினேன்.
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.