பத்தொன்பது நிமிடம்

இணைப்பட்டியலை மான் தின்றுவிட்டது.
மண்டப வாசலில் ஒட்டியிருந்த தாளில்
மூன்றாம் மேசைக்குக் கீழே எல்லாம்
அதன் வாய்க்குள்.
நான் இரண்டாம் மேசை.
என் பெயருக்கு நேரே தரப்புள்ளி பூச்சியம்.
எதிரே ஸம்ஹா நளீம், கிண்ணியா, 1987.
பிறந்த வருசமாக்கும் என்று நினைத்தேன்.
வந்து இருந்தது
கம்பஸ் இரண்டாம் வருசப் பிள்ளை.

திருக்கடலூர் வாடியில் ஐஸ் உடைக்கிறவன் நான்.
விடியப்புற வேலை முடித்து அப்படியே வந்தது.
விரல் மரப்பு விட
மத்தியானம் ஆகும்.

என் ஒவ்வொரு நகர்வுக்கும்
நின்றபடியே பதில் வைத்துவிட்டு
அடுத்த மேசை பார்க்கப் போய்விடுவாள்.
போகட்டும்.
நான் பலகையோடு தனியே இருந்தேன்,
பஸ் தரிப்பில் போல.

பதினேழாவது.
மந்திரியைத் தூக்கப் போன கை
எதையோ தூக்கியது.
பிடித்த பிறகுதான் தெரிந்தது, காது.
குதிரை.
தொட்டால் தொட்டதுதான்.
போக ஒரே ஒரு கட்டம், பலகையின் ஓரம்;
வைத்தேன், மணிக்கூட்டை அமுக்கினேன்,
ஒன்றும் நடக்காத முகத்தோடு.

வந்தாள். பார்த்தாள்.
கதிரையை இழுத்து இருந்தாள்.

டச்சு வளைகுடாக் காற்று கதவைச் சாத்தியது,
திறந்தது, சாத்தியது.
துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது.
அவள் தேநீரில் ஆடை படிந்தது.
அந்தக் குதிரைக்குள் என்ன இருக்கிறதென்று
நானும் பார்க்கத் தொடங்கினேன்.

என் கை செய்த ஒன்றைப் பற்றி
இவ்வளவு நேரம் யோசித்தவர் யார்?
ஒரு தடவை, சோதனைச்சாவடியில்,
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பி ஒருவன்.
அது வேற மாதிரி.

பத்தொன்பது நிமிடம்.
பிறகு ஒரு சிப்பாயை
ஒரு கட்டம் மட்டும் தள்ளினாள்,
தூங்குகிற பிள்ளையை அரக்குவது போல.

நாற்பத்தியொன்றில் தோற்றேன்.
அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கை கொடுத்த பிறகு கேட்டாள்:
"அண்ணா, அந்தக் குதிரை... என்ன பிளான்?"
விரல் மரத்துப்போச்சு தங்கச்சி என்று
பல்லு வரைக்கும் வந்தது.
"நீங்க என்ன நினைச்சீங்க?" என்றேன்.

காய்களைத் திருப்பி அடுக்கினாள்.
மூன்று வழி காட்டினாள், வேகவேகமாக,
என் காயையும் தானே நகர்த்தி.
முதலாவதில் நான் சாகிறேன்.
இரண்டாவதில் மெல்லச் சாகிறேன்.
மூன்றாவதில்,
"இதுக்குத்தான் பயந்தனான்" என்று
என் குதிரையை நடுவில் வைத்தபோது,

அவளுடைய ராஜாவுக்குப்
போக இடமில்லை.