ஓம்புயிர்: பைன்

நூற்றுப் பதினேழாவது உறை.
அஸ்தம்பட்டியில் கரண்ட் போன மதியம்,
ஸ்கேனர் பாதியில் கண்ணை மூடிக்கொண்டது.
கையால் எழுதத் தொடங்கினேன்.
லேபிளில் இருப்பது இங்கிலீஷ்.
நான் ஏற்ற வேண்டியது தமிழில்.

நாள்: 9.11.1968.
இடம்: ஏற்காடு, நாகலூர் சாலை, காப்பித் தோட்டத்துக்குப் பின்னால்.
சேகரித்தவர்: பே. அருள்திலகம்.
ஓம்புயிர்: பைன்.

உள்ளே
கருகிப்போன அடை மாதிரி ஒன்று.
அடிப்பக்கம் ஊசித்துளைகள்,
விளிம்பில் இன்னும் போகாத மஞ்சள்.
முகர்ந்தால் அந்துருண்டை,
அதற்கும் கீழே, சத்தியமாக,
மழை விட்ட பிறகு வரும் மரவாசனை.

ஓம்புயிர் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.
விருந்தோம்பலில் வரும் அதே ஓம்பல்.
வந்தது யார், எத்தனை நாள் தங்கும்
என்றெல்லாம் பைன் கேட்டிருக்காது.
உள்ளே விட்டிருக்கும்.
வந்தது நடுமரத்தைத் தின்றுவிட்டு
பட்டையைப் பிளந்துகொண்டு
தட்டுப்பலகை போல வெளியே குந்தியது.

லேபிளின் முதுகில், பென்சிலில்,
தமிழில் ஒரே ஒரு வரி:
‘மரம் நிற்கிறது. தட்டினால் பானை ஓசை.’

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.
ஒரு கையில் கத்தி, கக்கத்தில் குடை,
அந்த அம்மா தட்டியிருக்கிறார்,
தட்டிவிட்டுக் காது வைத்திருக்கிறார்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

போன மாதம் அந்தச் சாலையில் போனேன்,
ஆபீஸ் பெண்ணின் கல்யாணம்.
இங்கேதான் என்று நான் நினைத்த இடத்தில்
ரிசார்ட்காரர் வண்டி நிறுத்துகிறார்கள்.
சில்வர் ஓக் இருக்கிறது, மிளகு ஏறியிருக்கிறது.
பைன் இல்லை.

காளானைப் புரட்டினேன்.
முதுகில் ஒட்டியபடி
நகத்தளவு பட்டை.
அந்த மரத்தில் மிச்சம் இவ்வளவுதான்,
தின்றதுதான் எடுத்து வந்திருக்கிறது.

சென்ற வருஷம் வண்டு விழுந்து
முப்பது உறை மாவாகிப் போயின.
ஆகையால் அந்துருண்டை மாற்றுவதும் என் வேலை.
தின்றதைத்
தின்ன வருவதிடமிருந்து காக்க
தினக்கூலி நானூற்று அறுபது.

கரண்ட் வந்தது.
ஓம்புயிர் கட்டத்தில் அடித்தேன்:
பைன், தட்டினால் பானை ஓசை.
திரை சிவந்து சொன்னது:
‘செல்லாத பெயர்.’
பைனை மட்டும் விட்டுவிட்டு
மீதியை அழித்தேன்.

நூற்றுப் பதினெட்டு.
வாழப்பாடி. தென்னை.